ஓடையில் ஆவி பறந்த இரவும், தனியாக அலைந்து நான் இழந்த 10 மாதங்களும்

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில் எங்கள் தோட்டத்து ஆடுகள் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்துவிட்டு, குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டன. மழை நன்றாகப் பெய்து கிணற்றில் நீர் ஏறியிருந்த நேரம் அது. மழைக்குப் பிறகு கிணற்று நீரின் உப்பு குறைவதே வழக்கம். அந்த ஆண்டு அது கூடியது. திருப்பூருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் இடையில், நொய்யலில் சேரும் ஓர் ஓடையின் கரையில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் 18 ஆண்டுகள் கணக்கு எழுதியவன். அப்பா காலமான பிறகு தோட்டத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்பினேன். பனியன் தொழிலில் வந்த சம்பளத்தில்தான் என் குடும்பம் வளர்ந்தது என்பதால் அந்தத் தொழிலின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஓடையில் இரவில் சாயக்கழிவு விடப்பட்டதைத் தடுக்க நான் முறை தெரியாமல் எடுத்த முயற்சிகளில் ரூ.67,000 பணமும் 10 மாதங்களும் போயின. எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் போயிருக்காத பணம், போயிருக்காத காலம். இதே நிலையில் வேறோர் ஊரில் ஒருவர் தனியாக நின்றுகொண்டிருப்பார் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நொய்யல் எங்களுக்கு வெறும் நீர்வழி அல்ல. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் இந்த ஆற்றைக் காஞ்சிமாநதி என்று பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன. எங்களுக்குக் கிழக்கே இதன் வடகரையில் இருக்கும் கொடுமணலில் சங்க காலத்து மணி செய்யும் தொழிற்கூடங்களை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் இளமையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். 1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தேங்கி நின்றது சாயக்கழிவு. கீழ்ப்பகுதி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற நிலையை நோக்கி 2006 டிசம்பரில் உத்தரவு வந்தது, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த மாதங்களில் வேலை இழந்து ஊர் திரும்பியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நினைவுதான் பின்னால் என் வாயை அடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்கழி பிறந்து சில நாட்கள் கழித்து, இரவு 1.40 மணிக்கு ஓடையின் சிறுபாலத்தடிக்குப் போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் குளிரில் ஓடை நீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கைத் தாக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் ஏறக்குறைய நிறமற்று, அரிசி கழுவிய நீர் போல இருந்தது. சிவப்பாகவோ நீலமாகவோ ஓடினால்தான் சாயக்கழிவு என்று நம்பியிருந்தவன் நான். அந்த நம்பிக்கை தவறு. பருத்தித் துணியில் சாயம் ஏற ஒவ்வொரு லிட்டர் சாய நீருக்கும் பல பத்து கிராம் உப்பைப் போடுகிறார்கள். துணி சாயத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், உப்பு முழுவதும் நீரிலேயே நின்றுவிடும். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் நிறம் வெளுக்கும், உப்பு அப்படியே இருக்கும். அதை எடுக்க எதிர் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) முறையில் வடிகட்டி, மிஞ்சும் கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். செலவெல்லாம் அங்கேதான் இருக்கிறது, அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இரவில் குழாயைத் திறக்கிறார்கள். ஆகவே கண்ணை நம்பாதீர்கள், நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்புங்கள். பேனா அளவில் உள்ள கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள வரம்பு. அந்தக் கருவியை நான் வாங்கிய பிறகு என் கிணறு 3,400 காட்டியது. முன்பு 1,300 அளவில் இருந்த கிணறு அது. அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அரை ஏக்கர் மஞ்சளுக்கு ஒரு மாதமாக அந்த நீரைத்தான் பாய்ச்சியிருந்தேன்.

கழிவு வந்தது மேற்கே ஒரு தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டு, துணிக்குச் சாயமேற்றும் சில வின்ச் இயந்திரங்களை வைத்து நடத்தப்பட்ட சிறு பட்டறையிலிருந்து. பெயர்ப் பலகை கிடையாது. நான் செய்த முதல் தவறு, மறுநாள் காலையிலேயே கோபத்தோடு அங்கே போய்ச் சத்தம் போட்டதுதான். அதனால் என் முகமும் பெயரும் அவர்களுக்குத் தெரிந்தன, அதற்குப் பின் பத்து நாட்கள் ஓடை சுத்தமாக ஓடியது. அந்தப் பத்து நாட்களுக்குள் நான் மனு கொடுத்து, அதன் பேரில் வந்து பார்த்த ஊழியர் ஓடையில் கழிவு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கையில் பதிவு சேரும் முன் கழிவு விடுபவரிடம் பேசப் போகாதீர்கள்.

இரண்டாவது தவறு மாதிரி எடுத்த விதம். கடையில் வாங்கிக் குடித்த ஒரு தண்ணீர் பாட்டிலில் ஓடை நீரைப் பிடித்து, பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நான்காம் நாள் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். பின்னர் மீண்டும் ஒரு முறை கொடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து ரூ.9,200. நீரில் உள்ள அங்ககக் கழிவைக் காட்டும் பிஓடி சோதனைக்கு மாதிரியைக் குளிரில் வைத்து, இயன்றவரை ஒரு நாளுக்குள் ஆய்வைத் தொடங்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி முறைப்படி தெரிவித்து, பட்டறைப் பொறுப்பாளரின் முன்னிலையில் மாதிரி எடுத்து, அதை இரண்டு பங்காகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் அதன் ஆய்வு முடிவு அந்தச் சட்டப்படியான வழக்கில் சான்றாக நிற்கும். நாம் எடுக்கும் மாதிரி அதிகாரியை வரவழைப்பதற்கான காரணமாகப் பயன்படும், அவ்வளவுதான். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் பாசன நீரின் உப்பும் கார அமிலத் தன்மையும் பார்த்துத் தருகிறார்கள், அரசு முத்திரையோடு வரும் அந்தத் தாளுக்கு மதிப்பும் அதிகம். குடிக்கும் நீராக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. ஓடையைப் படம் எடுக்கும்போது, நாளும் நேரமும் இடமும் படத்திலேயே பதியும் ஜிபிஎஸ் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். மீட்டர் நீரில் இருக்க, அதன் எண் தெரிய, பின்னால் பாலமோ மைல்கல்லோ தெரிய எடுத்த ஒரு படம், வெறும் நுரையைக் காட்டும் ஐம்பது படங்களுக்குச் சமம்.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் வலித்தது. மார்ச் மாதம் ஒரு வழக்குரைஞர் தடையாணை வாங்கித் தருவதாகச் சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். எல்லாச் செலவும் சேர்த்து ரூ.40,000 கொடுத்தேன், அதில் பாதி நகைக்கடன். ஐந்து மாதம் வாய்தா வாய்தாவாக நகர்ந்து, ஆகஸ்டில் இந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று முடிந்தது. 2010ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, அந்தத் தீர்ப்பாயம் தீர்க்க வேண்டிய சுற்றுச்சூழல் வழக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் எடுப்பதைத் தடுக்கிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் வேறொரு வழக்குரைஞரைப் பார்த்தபோது இன்னொரு செய்தி காத்திருந்தது. தீர்ப்பாயத்தில் 14ஆம் பிரிவின்படி மனுச் செய்ய, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் காலம், தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாட்கள். என்னுடைய முதல் மனுவிலேயே டிசம்பர் 28 என்று நானே தேதி எழுதியிருந்தேன். கூடுதல் நாட்களும் கடந்து 9 நாட்கள் ஆகியிருந்தன. அவர் மேசை மேல் காலண்டரை வைத்து எண்ணிக் காட்டியபோது, எனக்கு அழுகை வந்ததை மறைக்க முடியவில்லை. இழப்பீடும் சீரமைப்பும் கோரும் 15ஆம் பிரிவு மனுவுக்கு 5 ஆண்டுகள் உண்டு என்று அவர் ஆறுதல் சொன்னார். அங்கே இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் ரூ.1,000 மட்டுமே, சென்னையில் தென் மண்டல அமர்வு இருக்கிறது, வழக்குரைஞர் வைக்காமல் நாமே நேரில் வாதிடவும் சட்டம் இடம் தருகிறது. நாற்பதாயிரத்தை இழந்த பிறகு நான் தெரிந்துகொண்டவை இவை. தேதியை எழுதிய அன்றே, அதிலிருந்து ஆறாவது மாதம் எது என்று பார்த்து, அந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் முதலில் தவறாகவே பயன்படுத்தினேன். "அந்தப் பட்டறை மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டு விண்ணப்பித்தேன். ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தர அந்தச் சட்டத்தில் கடமை இல்லை, பதிவில் இருப்பதைத்தான் தர வேண்டும். எனவே கேள்வியைத் தவிர்த்து ஆவணத்தைக் கேட்க வேண்டும். இந்தப் புல எண்ணில் இயங்கும் தொழிற்கூடத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய இசைவாணையின் (இயங்குவதற்கான அனுமதி) நகல், கடந்த மூன்று ஆண்டு ஆய்வு அறிக்கைகளின் நகல், மாதிரி ஆய்வு முடிவுகளின் நகல், என் மனுவின் மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல் என்று வரிசையாக எழுதினால், தர வேண்டியதைத் தந்தே ஆக வேண்டும். புல எண்ணை முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ இணையவழிப் பட்டாவிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் காலக்கெடு, பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. என்னுடைய இரண்டாவது விண்ணப்பத்துக்கு வந்த பதில் ஒரே வரியில் இருந்தது. அந்தப் புல எண்ணில் எந்தத் தொழிற்கூடத்துக்கும் இசைவாணை வழங்கப்படவில்லை. ஆய்வக அறிக்கைகளும் நீதிமன்றமும் தராத பலத்தை அந்த ஒரு வரி தந்தது. ஏனெனில் இசைவாணையே இல்லாத இடத்தில் நீரின் தரம் பற்றிய விவாதத்துக்கே வேலை இல்லை.

இத்தனை மாதமும் நான் ஊரில் யாரிடமும் முழுமையாகப் பேசவில்லை. அந்தப் பட்டறையில் எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். 2011இல் பார்த்த முகங்கள் என் மனதில் இருந்தன. ஊரே எனக்கு எதிராக நிற்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, இரவில் தனியாகப் போய்த் தனியாக வந்தேன். ஒரு நாள் என் வண்டியின் இரண்டு டயர்களும் கிழிக்கப்பட்டிருந்தன. என் மனைவி அன்றிலிருந்து நான் வீடு திரும்பும் வரை திண்ணையில் விழித்தே உட்கார்ந்திருப்பாள். செப்டம்பர் கடைசியில் ஓடையில் நூறு நாள் வேலை நடந்தது. மூன்றாம் நாள் பார்த்தபோது, சேற்றில் நின்ற பெண்களின் கணுக்கால் வரை தோல் சிவந்து வெடித்திருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டி, "இது என்னுங்க தம்பி, சேத்துப்புண்ணு மாதிரியும் இல்லியே" என்று கேட்டார். நான் பையிலிருந்து மீட்டரை எடுத்து, அவர் நின்ற இடத்திலேயே நீரில் வைத்துக் காட்டினேன். பிறகு நடந்த அத்தனையையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "இத்தன மாசமா நீங்க ஒருத்தரே அலஞ்சீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் அந்த அம்மாவே எழுந்து பேசினார். அவருக்குப் பின்னால் நூறு நாள் வேலைப் பெண்கள் இருபது பேர் நின்றார்கள். கிராம சபையில் வாயால் பேசிக் கைதட்டு வாங்கிக் கலைந்தால் அது காற்றோடு போய்விடும். தீர்மானத்தின் வாசகத்தை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்து, பிறகு அதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் தீர்மானத்தில் மூன்றே வரிகள்: ஓடையில் இரவில் கழிவு விடப்படுகிறது, இந்தப் புல எண்ணில் இசைவாணை இல்லை, அதிகாரிகள் இரவில் வந்து மாதிரி எடுக்க வேண்டும். அதோடு தகவல் உரிமைப் பதிலின் நகலை இணைத்து, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தோம். நான் தனியாகக் கொடுத்த மனுக்களும் இதைத்தான் சொன்னன. இந்த முறை ஒப்புகைச் சீட்டோடு ஒரு தேதியும் கிடைத்தது.

அடுத்து இரவுக் காவல். ஒன்பது பேர் முறை வைத்துக்கொண்டோம், எப்போதும் இருவராகவே போக வேண்டும், பட்டறையின் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது, யாரோடும் வாக்குவாதம் கூடாது என்பது கட்டுப்பாடு. வேலி தாண்டினால் அத்துமீறல் வழக்கு நம் மேல்தான் வரும். ஒரு நீள நோட்டில் நாள், நேரம், மீட்டர் எண், வாடை, ஓடையின் நீர்மட்டம், பார்த்த இருவரின் கையெழுத்து என்று கட்டம் போட்டேன். பதினெட்டு ஆண்டு கணக்கு எழுதிய கைக்கு அந்த வேலை இதமாக இருந்தது. 17 இரவுகளின் குறிப்பைப் பார்த்தபோதுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. மழை பெய்த இரவுகளிலும் சனிக்கிழமை இரவுகளிலும்தான் கழிவு வந்தது. சனிக்கிழமை அவர்களுக்குச் சம்பள நாள், வாரத்துச் சரக்கை முடித்து அனுப்பும் நாள். மழைவெள்ளத்தில் கலந்துவிட்டால் உப்பின் அளவு குறைந்து தெரியும் என்பது அவர்களின் கணக்கு. இந்த ஒழுங்கு தெரிந்தால்தான் அதிகாரியிடம் "வாருங்கள்" என்பதற்குப் பதிலாக "சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு வாருங்கள்" என்று சொல்ல முடியும். பழைய பழக்கத்தில், முறையாகச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் ஒரு பட்டறை உரிமையாளரிடமும் இதைச் சொன்னேன். அவர் எதிர்ப்பார் என்று நினைத்தேன், அவரோ என்னைவிடக் கொதித்தார். ஒவ்வொரு கிலோ துணிக்கும் அவர் சுத்திகரிப்புச் செலவு கட்டும்போது, அதைக் கட்டாதவர் விலையைக் குறைத்து ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறார். குழாயை எங்கே புதைப்பார்கள், எப்படித் தேடுவது என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நேர்மையாகத் தொழில் செய்பவர்களை உங்கள் பக்கம் சேருங்கள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அதிகாரிகள் விடியும் முன் வந்து, கொட்டகையின் பின்புறக் குழாயிலிருந்தே மாதிரி எடுத்து முத்திரையிட்டார்கள். இசைவாணை இல்லாததால் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவின்படி மின் இணைப்பைத் துண்டித்து, கொட்டகைக்கு முத்திரை வைத்தார்கள். அன்று மதியம் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அங்கே வேலை பார்த்த ஐந்து பேரில் ஒருவரின் மகள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. வேலை போகும் என்று தெரிந்தே இதைத் தொடங்குகிறோம் என்றால், அவர்களுக்கு வேறு வேலை தேடித் தருவதையும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் அதை முத்திரை வைத்த பிறகுதான் தொடங்கினோம். முன்னே சொன்ன உரிமையாளர் மூவரை எடுத்துக்கொண்டார். மற்ற இருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

செலவைப் பிரித்து எழுதிவிடுகிறேன்: ஆய்வகத்துக்கு ரூ.9,200, தோட்டத்தில் மாட்டிய கேமராவுக்கு ரூ.6,500, முதல் வழக்குக்கு ரூ.40,000, பயணத்துக்கும் நகலுக்கும் ரூ.11,300. அரை ஏக்கர் மஞ்சள் போனது தனி. ஊராகச் சேர்ந்த பிறகு ஆன செலவு ரூ.2,000ஐத் தாண்டவில்லை, அதையும் ஒன்பது பேர் பகிர்ந்துகொண்டோம். மண்ணுக்குத்தான் காலம் பிடிக்கிறது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடுவதால், மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கிறது. ஜிப்சம் போட்டு, நல்ல நீரால் கழுவி, பசுந்தாள் உழுது மூன்று பருவம் ஆகிறது. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. அதன் அடிப்படையில் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 15ஆம் பிரிவு மனுவை இப்போது ஊர்ப் பெயரில் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

முத்திரை வைத்த நான்காம் மாதம் ஓடையின் மேற்பகுதியில் இன்னொரு கொட்டகை எழுந்தது. அதைக் கண்டுபிடித்துத் தகவல் சொல்லி நிறுத்த 12 நாட்கள்தான் ஆயின. நோட்டு இப்போது அந்த அம்மாவின் பேத்தியிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பள்ளித் தோழிகள் இருவரோடு பாலத்தடிக்குப் போய் மீட்டர் எண்ணைக் குறித்துவிட்டு, எங்கள் கிணற்றையும் பார்த்துவிட்டுப் போகிறாள். கடந்த ஞாயிறு கிணறு 2,150 காட்டியது. ஆடுகளுக்கு இன்னும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கிறோம்.